வால்வு ஆம்ப்ளிஃபயரில் இரும்பு செய்யும் வேலை

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் பார்த்தால் கனம் முழுவதும் டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும் பக்கம் இழுக்கும். மின்சாரம் வாங்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் ஜாதகம் பார்க்கிறார்கள்: யார் சுற்றியது, எந்தக் காலத்தது, என்ன எஃகு என்று. வால்வு தேய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். இதை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. இதற்காகவே பழைய பெட்டிகளைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

வால்வின் வெளியீட்டு முனையான ஆனோடு உயர்ந்த மின்னழுத்தத்திலும் சிறிய மின்னோட்டத்திலும் இயங்குவது. அதற்குச் சில ஆயிரம் ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கரோ பெரும்பாலும் 8 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் என்பது உள்ளகம் என்னும் இரும்பின்மேல் சுற்றிய இரண்டு சுருள்கள்; வால்வுப் பக்கம் இருப்பது முதன்மைச் சுருள். இந்த இடைவெளியை அது சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் நிரப்புகிறது. விகிதம் 25:1 என்றால் 25×25=625; 8 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு 5,000 ஓமாகத் தெரியும். சில நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் (DC) ஸ்பீக்கரை எட்டாமலும் அது தடுத்துவிடுகிறது.

கணக்கு எளிது. அதையே 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை மாறாமல் செய்யவேண்டும் என்னும்போதுதான் சிக்கல்.

அடிஒலியில் இரும்பு சோதிக்கப்படுகிறது. 20 ஹெர்ட்ஸில் முதன்மைச் சுருள் மட்டுமே 5,000 ஓம் எதிர்ப்பைக் காட்ட ஏறக்குறைய 40 ஹென்றி தூண்டம் (மின்னோட்டம் மாறுவதைத் தடுக்கும் தன்மை) வேண்டும். அது இருந்தாலும் போதாது. ஒரே மின்னழுத்தத்தில் அதிர்வெண் பாதியானால் உள்ளகத்தின் காந்தப்பாயம் இரட்டிப்பாகும். எஃகு ஓர் அளவுக்குமேல் தாங்காது, தெவிட்டிவிடும். அந்தக் கணத்தில் தூண்டம் ஏறக்குறைய மறைந்து, சுருள் வெறும் கம்பியாகிவிடுகிறது. வால்வின் மின்னோட்டம் எகிறுகிறது. பேஸ் மட்டுமல்ல, அதே நொடியில் பாடிக்கொண்டிருக்கும் குரலும் கலங்குகிறது. இதற்குப் பெரிய உள்ளகத்தைத் தவிர வேறு நல்ல மருந்து இல்லை. ஒற்றை வால்வுச் சுற்றில் நிலைமை இன்னும் மோசம். நேர்மின்னோட்டம் உள்ளகத்தை ஒருபக்கமாகக் காந்தமாக்குவதால் அதில் காற்று இடைவெளி விடவேண்டும். இடைவெளி விட்டால் தூண்டம் குறையும். எனவே வாட் குறைந்தும் இரும்பு கூடுகிறது.

உச்சஸ்தாயியில் சுற்றியவரின் கைத்திறன் தெரியும். ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதை முழுதாகத் தழுவாமல் நழுவினால் மேல் அதிர்வெண்கள் தேயும். இதைத் தவிர்க்க இரண்டு சுருள்களையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றுமாற்றி ஒன்றாக அடுக்குகிறார்கள், நடுவில் காப்புத்தாள். ஆனால் அடுக்குகள் நெருங்க நெருங்க அவற்றுக்கிடையே மின்தேக்கம் ஏறும், அதுவும் மேல் அதிர்வெண்களைத்தான் தின்னும். எத்தனை பிரிவு, எவ்வளவு தடிமன் காப்பு என்பதில்தான் நல்ல பட்டறைகளின் இரகசியம்.

இந்தப் பொருளுக்கு இவ்வளவு மரியாதை வந்ததில் 1947க்குப் பங்குண்டு. அந்த ஆண்டு வில்லியம்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் முனையிலிருந்தே 20 டெசிபல் எதிர்ப் பின்னூட்டத்தைத் திரும்ப எடுத்தது; அதாவது வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே எதிராகத் திருப்பிப் பிழையைத் திருத்தியது. அந்த வளையத்துக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் அடக்கம். அது அதிர்வெண்ணின் இரு ஓரங்களிலும் அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்கம் வரும் நேரத்தை) திருப்பினால் பின்னூட்டம் திருத்துவதை விட்டு ஊளையிடத் தொடங்கிவிடும். அதனால் கேட்கும் எல்லைக்கு வெகு அப்பாலும் ஒழுங்காக நடக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அவசியமாயிற்று. 1951இல் ஹாஃப்லர், கெரோஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் முதன்மைச் சுருளில் ஓர் இடை முனை எடுத்து, அதை வால்வுக்குள் இருக்கும் திரைக் கிரிட் என்ற கம்பிவலைக்குக் கொடுத்து அல்ட்ராலீனியர் முறையைப் பரப்பினார்கள். தரத்தில் பாதி அப்போது சுருளுக்குள்ளேயே போய்விட்டது.

ஆகவே சுற்றியவரின் பெயர் வெறும் பெயரல்ல. ஆனால் விளம்பரம் அதைவிட வேகமாக வளர்ந்தது. வெள்ளிக் கம்பியைப் பாருங்கள்: தாமிரத்தைவிட மின்தடை சுமார் 5 சதவீதம்தான் குறைவு. தாமிரத்தைச் சற்றே தடிப்பாக்கினால் கணக்கு தீர்ந்தது. நிக்கல் கலந்த உள்ளகத்துக்கு நியாயம் உண்டு, மெல்லிய ஒலியில் அது சிலிக்கான் எஃகை முந்தும். ஆனால் சீக்கிரமே தெவிட்டும்.

விவரத்தாளில் ‘20–20,000 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் அது எத்தனை வாட்டில் என்று கேட்க வேண்டும். 1 வாட்டில் எடுத்த அளவு இரும்பின் குறையைக் காட்டாது. 30 ஹெர்ட்ஸில் முழுத் திறனைத் தெளிவாகத் தருகிறதா என்பதே உருப்படியான கேள்வி. எவ்வளவு உயர்ந்த தயாரிப்பானாலும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஒலியை ஏற்றாதீர்கள்: சுமை இல்லாத முதன்மைச் சுருளில் எழும் மின்னழுத்தம் அந்தக் காப்புத்தாளைத் துளைத்துவிடும்.