துடைப்பத்தைக் கண்டு ஒடுங்கும் நாய்

பெங்களூரு அல்சூரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடிபட்டு மீட்கப்பட்ட தெருநாயைத் தத்தெடுத்து எட்டு மாதங்கள் ஆகியும், அவர் துடைப்பத்தை எடுத்ததும் அது வாலை ஒடுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் பதுங்கிவிடுகிறதாம். கூடத்தில் மெல்லப் பழக்கியதில் சற்றே தேறிய நாய், மொட்டைமாடியில் துடைப்பத்தைக் கண்டதும் பழையபடி நடுங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், இது பயந்த கோளாறு, மந்திரித்துக் கயிறு கட்டுங்கள் என்கிறார். கயிற்றால் கேடில்லை, அதை நம்பிச் சும்மா இருந்துவிடுவதில்தான் கேடு.

வலியோடு சேர்ந்து வரும் பொருளை மூளை வலியோடு முடிச்சுப் போடும் என்பது ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் காலத்துப் பாடம். முடிச்சு விழும் இடம் அமிக்டலா என்ற மூளைப் பகுதி. அது ஏன் தானாக அவிழ்வதில்லை என்பதற்கு, பல்லாரி சாலையிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் நடந்த ஆய்வுகள் வியப்பான விடை தருகின்றன. சுமந்திர சட்டர்ஜியின் குழு எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாமல் அடைத்துவைத்து, மூளை நரம்பணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டது. இடத்தையும் நிகழ்வையும் நினைவில் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் அணுக்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. அமிக்டலாவிலோ, மழை கண்ட முருங்கைபோல, அவை தழைத்துப் படர்ந்திருந்தன. எலிகளுக்கு 21 நாட்கள் ஓய்வளித்த பிறகு, ஹிப்போகேம்பஸின் கிளைகள் மீண்டும் வளர்ந்தன; அமிக்டலாவின் கிளைகள் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2004இல் அதே குழு காட்டியது. எலியில் கண்டது நாய்க்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. எனினும் ஓய்வும் சோறும் மட்டுமே அச்சத்தைக் கரைத்துவிடும் என்ற எண்ணத்தை இது அசைக்கிறது. எலியை அடைத்துப் பார்க்கவா அரசுப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எலிகளின் துன்பம் என்னையும் உறுத்துகிறது. ஆனால் உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடாத நாட்டில், இக்கேள்வி முதலில் அடிப்படை ஆய்வை நோக்கியே வருவது எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் பழக்குவதால் என்ன நிகழ்கிறது? பழைய அச்சம் அழிவதில்லை. "துடைப்பத்தால் இங்கே தீங்கில்லை" என்ற புதிய நினைவு அதன்மேல் உருவாகி, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி வழியாக அமிக்டலாவை அடக்கிவைக்கிறது. ஆகவே, நாய் பதறாத தொலைவில் துடைப்பத்தைத் தரையில் கிடத்தி, அது கண்ணில் பட்ட பிறகே கோழித்துண்டைத் தர வேண்டும். வரிசை மாறினால் கோழித்துண்டே ஆபத்தின் அறிகுறியாகிவிடக்கூடும். நாய் உண்ண மறுத்தால் நெருங்கிவிட்டோம் என்று பொருள், பின்வாங்க வேண்டும். அச்சம் மிகுந்தால் கால்நடை மருத்துவர் மருந்தும் தருவார்.

மொட்டைமாடியில் நடந்ததற்கும் காரணம் இதுவே. அச்சம் எங்கும் உடன் வரும். அதை அடக்கும் புதிய பாடமோ, கற்ற இடத்தோடு பிணைந்தது. எனவே கூடத்தில் கற்ற பாடத்தை மாடியிலும், வாசலிலும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கையில் துடைப்பம் இருக்கும்போதும், ஒவ்வொரு முறையும் முதல் அடியிலிருந்தே வாசகி தொடங்க வேண்டியிருக்கும்.