ரோனி கோல்மனின் ஆயிரம் கிலோவும் நம்மூர் இளவட்டக்கல்லும்

மதுரை வட்டாரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் அமெரிக்க ஆணழகர் ரோனி கோல்மன் பெயரை எடுத்தால் வாக்குவாதம் தொடங்கிவிடும். "ஆயிரம் கிலோவைக் காலால் தள்ளிய மனிதர்" என்பார் ஒருவர். "உடம்பு பெருத்தால் பலம் வந்துவிடுமா? கீழமாசி வீதிக்கு வந்து நாள் முழுக்க அரிசி மூட்டை இறக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்" என்பார் இன்னொருவர். இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அது முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் அந்த ஆயிரம் கிலோவைச் சுமந்த இயந்திரம்.

1998 முதல் 2005 வரை எட்டு முறை உலக ஆணழகர்களுக்கான மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்றவர் கோல்மன். கால்களால் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரத்தில் அவர் ஏற்றியது 2,300 பவுண்டு, அதாவது சுமார் 1,043 கிலோ. அதை எட்டு முறை தள்ளும் காட்சி படம்பிடிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய இயந்திரங்களில் எடைத்தட்டு பொதுவாக 45 டிகிரி சரிவில் ஓடும். அந்தச் சரிவில் எடையில் ஏறத்தாழ 71 சதவீதம்தான் காலை எதிர்த்து நிற்கும். 1,043 கிலோ அங்கேயே 740 கிலோ அளவுக்கு இறங்கிவிடுகிறது. உராய்வு கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். முதுகுத்தண்டு சுமையைத் தாங்க வேண்டியதில்லை. தடுமாறி விழும் பயமும் இல்லை. போதாததற்கு, முழங்காலை எவ்வளவு குறைவாக மடக்குகிறோமோ அவ்வளவுக்குத் தள்ளுவது எளிது. ஆக எண் பொய்யில்லை. ஆயிரம் கிலோவை ஒருவர் "தூக்கினார்" என்று நாம் புரிந்துகொள்வதுதான் மிகை.

தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் வேறு கதை. அதில் அவர் 800 பவுண்டு, சுமார் 363 கிலோவுடன் இருமுறை எழுந்ததும் படத்தில் இருக்கிறது. அங்கே சரிவு கிடையாது. சுமையோடு தன் உடம்பின் பெரும்பகுதியையும் சேர்த்தே தூக்க வேண்டும். அவரோ 130 கிலோவைத் தொட்ட மனிதர்.

தசையின் இழுவிசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அதனால் பெரிய தசைக்குப் பலம் உண்டு என்பது உடலியல். ஆணழகனின் உடம்பு வெறும் ஊதல் என்ற பேச்சு செல்லாது. ஆனால் பரப்பு மட்டும் போதாது. எத்தனை தசையிழைகளை ஒரே நொடியில் வேலைக்கு அழைக்க முடியும் என்பதை நரம்பு மண்டலம் தீர்மானிக்கிறது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பருக்கும் முன்பே பலம் கூடுவது இதனால்தான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நின்ற துருக்கியின் பளுதூக்கும் வீரர் நயிம் சுலைமானோக்லு 190 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினார். மூட்டை சுமப்பவரின் நரம்புகளும் அப்படித்தான், தமக்குப் பழகிய அசைவில் தேர்ந்தவை.

அடுத்தது நெம்புகோல் கணக்கு. இதற்கு இளவட்டக்கல்லைவிட நல்ல பாடம் இல்லை. ஊர் இளவட்டங்கள் பலத்தைக் காட்டத் தூக்கும் வழுவழுப்பான உருண்டைக் கல் அது; பிடிக்கக் காது கிடையாது. இரும்புக் கம்பியைக் காலோடு உரசியபடி மேலே இழுக்கலாம். கல்லின் பருமனோ அதன் எடைமையத்தை உடம்பிலிருந்து தள்ளியே வைக்கும். அந்த மையம் கீழ்முதுகின் முள்ளெலும்புகளிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். முதுகுத் தசைகள் இழுப்பது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் பின்னாலிருந்து. 100 கிலோ கல்லுக்கு மட்டும் அவை 500 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுக்க வேண்டும். குனிந்த உடம்பின் பாரம் தனி. முன்பின் தொட்டறியாத கல்லிடம் கோல்மனே முதல் நாள் திணறியிருக்கலாம். அதனால் அவருடைய 363 கிலோ பொய்யாகிவிடாது.

இருமுறை தூக்கியதிலிருந்து ஒருமுறைக்கான உச்சத்தைக் கணிக்கப் பயிற்சியாளர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: எடையோடு அதன் முப்பதில் இரண்டு பங்கைக் கூட்டுவது. அதன்படி கோல்மனின் உச்சம் 387 கிலோவுக்கு அருகில் வரும். ஸ்குவாட்டைப் பொறுத்தவரை அவர் புகழ் கூட்டிச் சொல்லப்பட்டது அன்று, கொஞ்சம் குறைத்தே சொல்லப்பட்டது என்பேன். இதே சூத்திரத்தில் லெக் பிரஸ் எண்ணைப் போட்டு அவருடைய ஸ்குவாட் உச்சத்தைக் கண்டுபிடிக்கப் புறப்படுபவர்களும் உண்டு. அவர்களிடம் முதலில் அந்த 45 டிகிரியைக் கேட்க வேண்டும்.