அப்டேட் போட்டேன், கணக்கு நோட்டு போச்சு: பழைய டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு

"தம்பி, நான் ஒண்ணுமே பண்ணலை. அதுவா கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன்." இந்த வசனத்தைக் கேட்காத வாரம் எங்கள் கடையில் கிடையாது. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் மொபைல், டேப்லெட் சர்வீஸ் கடை வைத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. உடைந்த டிஸ்ப்ளேவுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது அப்டேட் போட்ட பழைய டேப்லெட்டுகள்தான்.

2022-இல் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் ஐபேட் ஏரைக் கொண்டுவந்தார். மகன் 2014-இல் வாங்கிக் கொடுத்தது, பின்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை, பழைய புடவைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். வருஷக்கணக்காக ஐஓஎஸ் 10-லேயே (ஐஓஎஸ் என்பது ஐபேடை இயக்கும் ஆப்பிள் சாஃப்ட்வேர்) ஓடிக்கொண்டிருந்ததைப் பேத்தி ஏதோ கேம் வேண்டும் என்று அப்டேட் போட்டுவிட்டாள். ஐஓஎஸ் 12 ஏறிவிட்டது. டேப்லெட்டுக்கு ஒரு குறையும் இல்லை, சொல்லப்போனால் முன்னைவிட வேகமாகவே இருந்தது. ஆனால் டீச்சர் எட்டு வருஷமாக வீட்டுக் கணக்கு எழுதிவந்த ஆப் மட்டும் திறக்கவில்லை. ஐகான் அதே இடத்தில் இருக்கிறது, தொட்டால் 'இந்த ஆப்பை உருவாக்கியவர் இதைப் புதுப்பிக்க வேண்டும்' என்று சொல்லிவிட்டு நிற்கிறது. உருவாக்கியவர் எப்போதோ கடையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

காரணம் எளிது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-இல் இருந்து 32-பிட் ஆப்கள், அதாவது பழைய வகைச் சிப்புகளுக்காக எழுதியவை, ஓடாது. டீச்சரின் ஆப் அந்த வகை. ஐபேட் ஏரின் சிப் 64-பிட்தான், ஐஓஎஸ் 10 வரை இரண்டு வகை ஆப்பும் அதில் ஓடின. அந்த ஆப்பைத் திறக்கும்போது எச்சரிக்கை வந்திருக்கும், டீச்சரைக் கேட்டேன், "ஆமா, எப்பவாவது ஏதோ இங்கிலீஷ்ல வரும், ஓகே குடுத்துருவேன்" என்றார். ஓகே என்பது நம் ஊரில் பட்டன் இல்லை, கும்பிடு.

"பழையபடி மாத்திக் குடுத்துரு தம்பி" என்றார். அங்கேதான் சிக்கல். ஐபேடில் எந்த ஐஓஎஸ் ஏற்றினாலும் ஆப்பிளின் சர்வர் அதற்கு ஒப்புதல் தர வேண்டும், கையெழுத்துப் போடுவது மாதிரி. புதுசு வந்து சில வாரங்களில் பழசுக்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் ஆப்பிளின் முறையான வழியில் ஐஓஎஸ் 10-க்குத் திரும்ப முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டிலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. சாம்சங் டேப்லெட்டில் புது சாஃப்ட்வேர் ஏறும்போது உள்ளே ஒரு எண் ஏறிக்கொள்ளும். அந்த எண் கூடியபிறகு அதைவிடக் குறைந்த எண் உள்ள சாஃப்ட்வேரை கம்ப்யூட்டர் வழியாக ஏற்றப் பார்த்தால், திரையில் சிவப்பு எழுத்தில் மறுத்துவிடும்.

டீச்சரின் கணக்கு கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஆப் திறக்காவிட்டாலும் அதன் தகவல் உள்ளே அப்படியே இருக்கும், ஐகானை அழித்தால்தான் போகும். கம்ப்யூட்டரில் மொத்தமாக பேக்கப் எடுத்து, அதற்குள் அந்த ஆப்பின் கோப்பைத் தேடி, எக்ஸெலில் கொட்டிக் கொடுத்தேன். 2014 ஜூன், பால் அட்டை, கேஸ், இஸ்திரி என்று வரிசையாக விழுந்ததைப் பார்த்து டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேத்தி அந்த ஐகானை 'வேலை செய்யல பாட்டி' என்று அழித்திருந்தால் கதை வேறு. ஆகவே அப்டேட்டுக்குப்பின் ஒரு ஆப் திறக்கவில்லை என்றால் அதை அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், முதலில் பேக்கப்.

சரி, போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? முதலில் கையில் இருப்பது என்ன டேப்லெட் என்று தெரிய வேண்டும். 'சாம்சங் பெரிசு', 'ஆப்பிள் வெள்ளை' என்றெல்லாம் போனில் சொல்வார்கள். ஐபேடின் முதுகில் கீழே எறும்பு எழுத்தில் ஏ என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருக்கும், போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். 1395 என்றால் ஐபேட் 2, 1474 என்றால் ஐபேட் ஏர். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் கடைசியில் உள்ள 'எபவுட் டேப்லெட்' பகுதியில் மாடல் எண் இருக்கும். இது தெரிந்தால் அதன் உச்சவரம்பு தெரிந்துவிடும். 2011-இல் வந்த ஐபேட் 2 ஐஓஎஸ் 9-ஐத் தாண்டாது. ஐபேட் ஏர் 12-ஓடு சரி. ஐபேட் ஏர் 2 பதினைந்து வரை போகும். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு வீடு வாங்கிய 2019 கேலக்ஸி டேப் ஏ 8 இன்ச், ஆண்ட்ராய்டு 9-இல் வந்து 11-இல் நின்றுவிட்டது. இதற்குமேல் ஏற்றித் தருகிறேன் என்பவர் கம்பெனி சாஃப்ட்வேரைப் போடவில்லை, வேறு யாரோ செய்த சாஃப்ட்வேரைப் போடுகிறார். தெரிந்து செய்தால் அதில் தப்பில்லை, நானே சிலருக்குப் போட்டுத் தந்திருக்கிறேன், ஆனால் அதற்கப்புறம் பேங்க் ஆப்கள் பல திறக்காது என்பதை முன்பே சொல்லிவிடுவேன்.

அடுத்து வேகம். 'அப்டேட் போட்டா ஸ்லோ ஆயிரும்' என்பது பாதி உண்மை. 512 எம்பி மெமரியோடு (ராம்) ஐஓஎஸ் 4.3-இல் பிறந்த ஐபேட் 2-வின் தலையில் 2015-இல் ஐஓஎஸ் 9 ஏறியது, கீபோர்டு வருவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும். கூகுளின் 2012 டேப்லெட்டான நெக்ஸஸ் 7 ஆண்ட்ராய்டு 5 ஏறியதும் கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. ஆனால் 2018-இன் ஐஓஎஸ் 12 பழைய மெஷின்களை வேகமாக்கவே உழைத்துச் செய்தது, டீச்சரின் ஐபேடில் அதைக் கண்ணால் பார்த்தேன். ஆகவே எல்லா அப்டேட்டும் ஒன்றில்லை. பெரிய எண் மாறும் அப்டேட்டுக்கு யோசியுங்கள், மெமரி 2 ஜிபியோ அதற்கும் கீழோ என்றால் இரண்டுமுறை யோசியுங்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ள சின்ன எண் மட்டும் மாறினால் அது பெரும்பாலும் ஓட்டை அடைக்கும் வேலை, தாராளமாகப் போடலாம். 2013-இன் ஐபேட் ஏருக்கு 2023 ஜனவரியில்கூட ஆப்பிள் 12.5.7 கொடுத்தது, ஹேக்கர்கள் பயன்படுத்தியிருக்கலாம் என்று ஆப்பிளே சொன்ன ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க. அதை 'ஸ்லோ ஆயிரும்' என்று போடாமல் விட்டவர்களை என்ன சொல்ல.

மூன்றாவது பாஸ்வேர்டு. இதற்குத்தான் நான் தொண்டை வறளக் கத்துகிறேன். 2016 மார்ச்சில் ஐஓஎஸ் 9.3 வந்தபோது ஐபேட் ஏரிலும் அதற்கு முந்தையவற்றிலும் சில, அப்டேட் முடிந்ததும், முதன்முதலில் எந்த ஆப்பிள் ஐடியில் தொடங்கினீர்களோ அதையும் பாஸ்வேர்டையும் கொடு என்று கேட்டு நின்றுவிட்டன. ஆப்பிள் அந்த அப்டேட்டைப் பழைய மாடல்களுக்கு நிறுத்திவைத்து, திருத்தி மறுபடி விட்டது. ஆனால் அந்த வாரம் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஐடி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. "கடைக்காரத் தம்பிதான் போட்டுக் குடுத்துச்சு." அந்தத் தம்பி இப்போது துபாயில். ஆண்ட்ராய்டிலும் 5.1-இல் இருந்து இந்தப் பூட்டு உண்டு, எங்கள் பாஷையில் ஜிமெயில் லாக். அப்டேட் இடையில் சொதப்பி ரீசெட் செய்ய நேர்ந்தால், முன்பு போட்டிருந்த ஜிமெயிலைக் கேட்கும். அந்த ஜிமெயில் பழைய சிம்மோடு இணைந்திருக்கும், அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்து வேறு யார் கைக்கோ போயிருக்கும், ஓடிபி அங்கே போகும். இந்தச் சங்கிலியை முன்கூட்டியே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அதே ஐடி, பாஸ்வேர்டை வேறொரு போனில் போட்டு உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அப்டேட்டைத் தொடுங்கள்.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டேப்லெட்டின் பேட்டரி பொய் சொல்லும். 45 சதவீதம் காட்டும், பாரம் ஏறியதும் பொசுக்கென்று அணைந்துவிடும். இன்ஸ்டால் பாதியில் இது நடந்தால் லோகோவிலேயே நிற்கும், அதிலிருந்து மீட்பது சில சமயம் பத்து நிமிஷ வேலை, சில சமயம் மொத்தமும் அழித்துப் போடும் வேலை. சார்ஜரில் போட்டுக்கொண்டே செய்யுங்கள், உங்கள் ஏரியாவுக்கு மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் வேண்டாம். ஆனால் அதற்கும் முன் டேப்லெட்டை மேஜையில் மல்லாக்க வைத்து ஓரத்தைப் பாருங்கள். டிஸ்ப்ளே ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தாலோ, மேஜையில் வைத்து விரலால் தட்டும்போது ஆடினாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜில் போடவே கூடாது. அப்டேட் அப்புறம், முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

இப்போது எங்கள் ஆட்களைப் பற்றியே சொல்ல வேண்டும். லோகோவில் நின்ற டேப்லெட்டைக் கொண்டுபோனால் பல கடைகளில் வாங்கியதும் கம்ப்யூட்டரில் சொருகி ஃப்ளாஷ் அடித்துவிடுவார்கள், அதாவது உள்ளே இருப்பதை அழித்து சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றிவிடுவார்கள். ஐந்நூறு ரூபாய், அரைமணி நேரம், டேப்லெட் பளபளவென்று எழுந்துவிடும், உள்ளே ஒன்றும் இருக்காது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான். கடை திறந்த இரண்டாம் வருஷம் ஒருவரின் டேப்லெட்டைக் கேட்காமல் ஃப்ளாஷ் அடித்தேன், அதில் இறந்துபோன அவர் அப்பாவின் படங்கள் இருந்தன, வேறெங்கும் இல்லை. அவர் சண்டை போடவில்லை. பேசிய காசை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ரசீதில் 'டேட்டா வேண்டுமா' என்று ஒரு கட்டம் அச்சடித்து, அவர்கள் கையாலேயே டிக் போட வைக்கிறேன். நீங்கள் போகும் கடையில் அந்தக் கட்டம் இல்லாவிட்டால் நீங்களே பேனா வாங்கி எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்றும் கூடிக்கொண்டே வருகிறது. இணையத்தில் ஏதோ படம் பார்க்கப் போன இடத்தில் 'உங்கள் டேப்லெட் பழையது, உடனே சிஸ்டம் அப்டேட் செய்க' என்று திரை முழுக்க மறைக்கும், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக ஏற்றும் கோப்பு) வரும். உண்மையான சிஸ்டம் அப்டேட் ஒருநாளும் பிரவுசரிலோ வாட்ஸ்அப்பிலோ வராது, செட்டிங்ஸுக்குள் மட்டும்தான். அந்த ஏபிகே உள்ளே போனதும் கேட்கும் முதல் அனுமதி எஸ்எம்எஸ் படிக்க. எதற்கென்று உங்களுக்கே புரியும். சிம் போட்ட பழைய டேப்லெட், அதில் பேங்க்கில் கொடுத்த நம்பர் என்று வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இன்றே அந்த சிம்மை வெளியே எடுத்து ஒரு பட்டன் போனில் போட்டுவிடுங்கள்.

இனிமேல் அப்டேட்டே வராது என்ற நிலைக்குப் போன டேப்லெட்டை என்ன செய்வது? 2021 செப்டம்பர் 30-க்கு அப்புறம் ஒரு வாரம் எனக்கு வந்த போன் அழைப்புகள் எல்லாம் ஒரே ரகம், "நெட் இருக்கு, பாதி சைட் திறக்கலை". இணையதளம் உண்மையானதுதானா என்று டேப்லெட் சரிபார்க்க வைத்திருக்கும் சான்றிதழ்களில், லட்சக்கணக்கான தளங்கள் நம்பியிருந்த ஒன்று அன்று காலாவதியானது. ஐஓஎஸ் 9-க்கு அதற்கு மாற்றான புதிய சான்றிதழ் தெரியாது, ஐபேட் 2 எல்லாம் அதில் மாட்டிக்கொண்டன. ஆனால் இதே மாதிரி எரர் வந்து கடைக்கு வரும் டேப்லெட்டில் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து சார்ஜ் செத்த டேப்லெட், எழும்போது ஏதோ பழைய வருஷத்தில் எழும், சான்றிதழ் எல்லாம் தப்பாகத் தெரியும். தேதியைச் சரிசெய்து கொடுத்தால் போதும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பேன்.

பழைய ஐபேடில் ஆப் ஸ்டோர் 'இதற்குப் புதிய ஐஓஎஸ் தேவை' என்று விரட்டினால் ஒரு வழி இருக்கிறது. அதே ஆப்பிள் ஐடியில் வேறொரு புது ஐபோனிலோ ஐபேடிலோ அந்த ஆப்பை ஒருமுறை இறக்குங்கள். பிறகு பழையதில் ஆப் ஸ்டோரின் 'வாங்கியவை' பட்டியலுக்குள் போய் இறக்கினால், உங்கள் ஐஓஎஸ்-க்குப் பொருந்தும் கடைசிப் பழைய பதிப்பு வேண்டுமா என்று கேட்கும். எல்லா ஆப்புக்கும் இது நடக்காது, நடந்தாலும் சிலது திறந்ததும் அப்டேட் கேட்டு நிற்கும். பிடிஎஃப் படிக்க, பாட்டுக் கேட்க மாதிரியான ஆப்களுக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும்.

என் கடை மேஜையில் ஒரு நெக்ஸஸ் 7 இருக்கிறது. கூகுள் அதற்கான பழைய சாஃப்ட்வேர்களை வெளிப்படையாகவே வைத்திருந்ததால் ஆண்ட்ராய்டு 4.4-க்குத் திருப்பிவிட முடிந்தது, அது ஒரு அபூர்வம். ஜிமெயில் இல்லை, வைஃபை இல்லை, உள்ளே இரண்டாயிரம் பாட்டு, ஒரு கடிகாரம். முதுகில் மாஸ்கிங் டேப் ஒட்டி 'வைஃபை போடாதே' என்று எழுதியிருக்கிறேன். போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அதைப் படித்துவிட்டு, "அண்ணே, ப்ளூடூத் போடலாமா?" என்று கேட்டான்.