சொல் விளக்கம்: வாசிப்பு மாரத்தான்

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் முழுக்கப் புத்தகம் படிப்பது என்று முடிவெடுத்தால், அதற்கு இப்போது 'வாசிப்பு மாரத்தான்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து 'ரீடத்தான்' என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் கேட்டால் புரிகிற சொற்கள்தான். ஆனால் முதல் முறை கலந்துகொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "நான் மெதுவாகத்தான் படிப்பேன், நானும் சேரலாமா?" இந்தத் தயக்கத்தைக் கொண்டுவருவது அந்தச் சொல்தான் என்பது என் எண்ணம். மாரத்தான் என்றதும் ஓட்டம் நினைவுக்கு வருகிறது. ஓட்டம் என்றதும் யார் முந்தினார், யார் பிந்தினார் என்ற கணக்கும் கூடவே வந்துவிடுகிறது.

உண்மையில் மாரத்தான் ஓட்டத்தின் பெயராகப் பிறக்கவில்லை. அது கிரேக்கத்தில் ஏதென்ஸுக்கு வடகிழக்கே உள்ள ஓர் ஊர். பெருஞ்சீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். பெருஞ்சீரகச் செடி மண்டிக் கிடந்த இடம் என்று பொருள் கொள்ளலாம். கி.மு. 490இல் அங்கே ஏதென்ஸ் படை பாரசீகப் படையை வென்றது. வெற்றிச் செய்தியைச் சுமந்துகொண்டு ஒரு வீரன் ஏதென்ஸ் வரை ஓடி, சொல்லி முடித்ததும் விழுந்து இறந்தான் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் போர் நடந்த அதே நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. போருக்கு முன் உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய தூதனைப் பற்றித்தான் அவர் எழுதியிருக்கிறார். ஓடி வந்து உயிர்விட்ட கதையைப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர்களிடம்தான் பார்க்கிறோம்.

அந்தக் கதையைப் போட்டியாக மாற்றலாம் என்று யோசனை சொன்னவர் மிஷேல் பிரேயால் என்ற பிரெஞ்சுக்காரர். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டமாக அது நடந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் 42.195 கிலோமீட்டர் ஓடினார்கள். 1921இல் அதுவே நிலையான தூரமாக ஆனது. பிரேயாலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் விளையாட்டுக்காரர் இல்லை, மொழியியலாளர். சொற்களின் பொருள் எப்படி மாறுகிறது என்று ஆராயும் பொருண்மையியல் துறைக்கு 1883இல் பிரெஞ்சில் பெயர் சூட்டியவரே அவர்தான். ஓர் ஊர்ப்பெயர் போட்டியின் பெயராகிப் பிறகு 'நீண்ட நேரம் விடாமல் செய்வது' என்ற பொருளுக்கு வந்து நிற்கும் பயணத்தை அவரே தொடங்கிவைத்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பான செய்தி.

அடுத்த மாற்றம் ஆங்கிலத்தில் நடந்தது. மாரத்தான் என்ற ஊர்ப்பெயரின் வாலை மட்டும் வெட்டி எடுத்து 'அத்தான்' என்று ஒரு விகுதி செய்துகொண்டார்கள். கிரேக்கத்தில் அந்தத் துண்டுக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஹெலிகாப்டர் என்பது கிரேக்க முறைப்படி 'ஹெலிகோ', 'ப்டெர்' என்று பிரிய வேண்டிய சொல். அதைத் தப்பான இடத்தில் வெட்டித்தான் 'காப்டர்' கிடைத்தது. இதுவும் அதே மாதிரிதான். வாக்கத்தான், டெலித்தான், ஹேக்கத்தான் எல்லாம் இப்படி முளைத்தவை. கணினி நிரல் எழுதுபவர்கள் கூடி விடாமல் வேலை செய்யும் ஹேக்கத்தானில் யாரும் ஓடுவதில்லை. அந்த விகுதிக்குப் பொருள் நீளம், விடாப்பிடி, இவ்வளவுதான். ரீடத்தானும் அந்த வரிசையில் ஒன்று.

சரி, தமிழுக்கு வருவோம். நீண்ட நேரம் விடாமல் படிப்பதைச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே வழி இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் தினப்பேச்சிலேயே. "ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்கிறோம். "ஒரே இருப்பில் படித்தேன்" என்கிறோம். "விடிய விடிய படித்தேன்" என்கிறோம். மூன்றிலும் தூரம் என்ற அளவு இல்லை. ஒன்றில் மூச்சு, ஒன்றில் உட்கார்ந்த இடம், இன்னொன்றில் விடியல். நெடுநேரம் படிக்க வருகிறவர்களைப் பார்த்தால் இந்த மூன்று தொடர்களும் மூன்று வகையான ஆட்களாகவே எனக்குத் தெரிகின்றன.

ஒரே மூச்சுக்காரர் ஒரே ஒரு பெரிய புத்தகத்தோடு வருவார். எண்ணூறு பக்க நாவலை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருப்பார், இந்த ஒரு நாளுக்காகவே. அவருக்குத் தயாரிப்பு என்பது பெரும்பாலும் தொந்தரவுகளை நீக்குவது. கைப்பேசியை வேறு அறையில் வைப்பது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது, பாத்திரங்களின் பெயர்களை எழுதிக்கொள்ள ஒரு தாள். சிலர் முதல் ஐம்பது பக்கங்களை முந்தின நாளே படித்துவிடுவார்கள். இது நல்ல பழக்கம். பெரிய நாவலில் யார் யார் என்று பிடிபடும் வரைதான் சிரமம்; அந்தச் சிரமத்தை முதல் நாளே தீர்த்துக்கொண்டால் மறுநாள் காலையில் கதைக்குள் நேராக இறங்கிவிடலாம்.

ஒரே இருப்புக்காரருக்குப் புத்தகத்தைவிட இடம் முக்கியம். நாற்காலி, முதுகுக்குத் தலையணை, இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம், கை எட்டும் இடத்தில் தண்ணீர். பத்துப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொள்வார், எல்லாம் மெலிந்தவை. ஒரு சிறுகதைத் தொகுப்பில் மூன்று கதைகள், பிறகு கொஞ்சம் கவிதை, அப்புறம் ஒரு குறுநாவல். ஒன்று அலுத்தால் இன்னொன்று. புத்தகத்தை மாற்றுவதே இவருக்கு ஓய்வு. இந்த முறையைக் குறைத்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒரே நடையைத் தாங்குவது எல்லோராலும் முடியாது. முடியாதவர் வாசகராகக் குறைந்தவரும் இல்லை.

விடிய விடியப் படிப்பவர்கள்தான் தயாரிப்பில் அதிகம் தவறு செய்கிறார்கள், அதனால் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 24 மணி நேரத் தொடர் வாசிப்பு ஒன்று 2007இல் தொடங்கிப் பல நாட்டு வாசகர்களிடையே பரவியது. அதில் எல்லோரும் உலகம் முழுக்க ஒரே கணத்தில் தொடங்குவார்கள். அப்படியானால் ஒருவருக்குத் தொடக்கம் விடிகாலை, இன்னொருவருக்கு மாலை. மாலையில் தொடங்குகிறவர் தெம்பாக இருக்கும் முதல் ஆறு மணி நேரம் முடிந்ததுமே நள்ளிரவு வந்துவிடும். காலையில் தொடங்குகிறவருக்குப் பகல் முழுவதும் கைவசம் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே புத்தக வரிசை ஒத்துவராது.

ஒரு முறை நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு ஒரு பத்தியில் சிக்கி நின்றேன். ஒரே வாக்கியம், ஏழு வரி. முதல் வரியில் எழுவாய், நடுவில் 'வந்த', 'கண்ட', 'கேட்டிருந்த' என்று எச்சங்களாக அடுக்கி, ஏழாவது வரியின் கடைசியில்தான் வினைமுற்று. அங்கே போய்ச் சேர்வதற்குள் யார் என்பது மறந்துபோகும். திரும்ப முதல் வரிக்கு வருவேன். ஐந்து முறை படித்தேன். பகலில் அதே பத்தியை எடுத்தபோது ஒரே வீச்சில் புரிந்தது. தமிழில் வினை கடைசியில் வருவதால் தூக்கம் வரும் நேரத்தில் நீண்ட வாக்கியம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அன்றிலிருந்து இரவுக்கு என்று தனியாக எடுத்துவைப்பது உரையாடல் நிறைந்த கதைகளும் ஏற்கெனவே படித்துப் பிடித்த புத்தகங்களும்தான். நீண்ட வாக்கியக்காரர்களுக்குக் காலை நேரம்.

இனி எண்ணிக்கை. எவ்வளவு பக்கம் முடிக்கலாம் என்று முன்னதாகக் கணக்குப் போடுவது நல்லது, மற்றவரோடு ஒப்பிட இல்லை, நம் புத்தக அடுக்கை அளவாக வைத்துக்கொள்ள. வாசிப்பு வேகத்துக்கு இணையத்தில் கிடைக்கும் எண்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் மார்க் பிரிஸ்பேர்ட் தந்த சராசரி, மௌன வாசிப்பில் நிமிடத்துக்குப் புனைவல்லாத நூல்களில் 238 சொற்கள், புனைவில் 260. வாய்விட்டுப் படித்தால் 183. தமிழுக்கு இதை அப்படியே போடக் கூடாது. 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதே செய்திக்கு ஐந்தாறு சொற்கள் வேண்டும். ஆகவே சொல்லை எண்ணாமல் பக்கத்தை எண்ணுங்கள். படிக்கப்போகும் புத்தகத்தையே எடுத்து அரை மணி நேரம் வழக்கமான வேகத்தில் படித்துப் பாருங்கள். 15 பக்கம் என்றால் மணிக்கு 30. 24 மணி நேரத்தில் உறக்கம், சாப்பாடு, குளியல், நடை எல்லாம் போக 12 மணி நேரம் படிப்பதாக வைத்தால் 360 பக்கம். களைப்புக்குக் கால் பங்கு கழித்தால் 270. அடுக்கில் 270 பக்கம் இருந்தால் போதும். மேலே ஒரு மெலிந்த புத்தகம் உபரியாக இருக்கட்டும்.

என் தோழி ஒருத்தி இதற்கென்றே நோட்டு வைத்திருக்கிறாள். பக்கத்தில் நான்கு கோடு போட்ட பத்திகள்: மணி, புத்தகம், பக்கம், நினைவில் நின்றது. கடைசிப் பத்திதான் முக்கியம் என்பாள். மணிக்கு ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி வராவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டுக் கால்மணி நேரம் நடந்துவிட்டு வருவாள். ஒரு பக்கத்தில் "பாட்டி கதவைத் திறக்கவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தாள். எந்தக் கதை என்று கேட்டேன்; தலைப்பைச் சொல்லாமல் அந்தக் காட்சி முழுவதையும் ஒப்பித்தாள். நான் பார்த்த தயாரிப்புகளில் இதுதான் சிறந்தது. கண்ணுக்கும் அந்த நடை உதவுகிறது. திரையில் படிக்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது, அதனால் கண் வறண்டு எரியும். அவ்வப்போது எழுந்து தூரத்தில் எதையாவது பார்ப்பதை ஒரு கடமையாகவே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பெயர். இதுவரை கண்ணில் பட்ட தமிழாக்கங்களில் 'வாசிப்புப் போட்டி' பொருந்தாது. யாரும் யாரையும் வெல்வதில்லை. 'வாசிப்பு ஓட்டம்' மறுபடியும் ஓட வைக்கிறது. 'தொடர் வாசிப்பு' பரவாயில்லை, ஆனால் தினமும் கொஞ்சம் படிப்பதும் தொடர் வாசிப்புதான், பத்திரிகைத் தொடரைப் படிப்பதும் அதுதான். குழம்பும்.

'முற்றோதல்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஒரு நூலை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வாய்விட்டு ஓதி முடிப்பது. திருக்குறளின் 1330 குறளையும் ஒரே அமர்வில் சொல்வதைக் குறள் முற்றோதல் என்கிறோம். பலர் கூடி, ஆள் மாற்றி ஆள், ஒரு நாவலை முழுவதும் உரக்கப் படிக்கும் நிகழ்ச்சிகளுக்கு இதைவிடச் சரியான சொல் கிடையாது. அதைப் பக்திநூல்களுக்கு மட்டும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ஓதல் என்பது பழந்தமிழில் கல்விக்கே பெயர். "ஓதல் பகையே தூதிவை பிரிவே" என்று தொல்காப்பியம் வீட்டைப் பிரிந்து செல்வதற்கான காரணங்களில் முதலாவதாக அதைத்தான் வைக்கிறது. கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவருக்கு அந்த வரி இன்னும் பொருந்தும்.

ஆனால் தனியாக, மௌனமாக, பல புத்தகங்களைப் படிப்பதற்கு முற்றோதல் ஒத்துவராது; அதில் ஓதலும் இல்லை, ஒரு நூலை முற்றுவித்தலும் கட்டாயமில்லை. அதற்கு நான் பயன்படுத்துவது 'நெடுவாசிப்பு'. நெடுஞ்சாலை, நெடுங்கதை, நெடும்பயணம் என்று பழகிய முன்னொட்டுதான். வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது, நீளத்தை மட்டும் சொல்லும். 'அத்தான்' என்ற அந்த ஒட்டு கடைசியில் வந்து சேர்ந்த பொருளும் அதுவே. 'நெடும்படிப்பு' என்று வைத்துப் பார்த்தேன். பல ஆண்டுகள் கல்லூரியில் படிப்பது போல ஒலிக்கிறது. வாசிப்பு என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். வீணைக்காரரிடம் யாரும் எவ்வளவு வேகமாக முடித்தீர்கள் என்று கேட்பதில்லை.

வாக்கியத்தில் வைத்தால் இப்படி வரும்: 'சனிக்கிழமை காலை ஆறு முதல் மறுநாள் ஆறு வரை நெடுவாசிப்பு', 'நெடுவாசிப்பில் கலந்துகொள்கிறேன்', 'மூன்றாம் முறையாக நெடுவாசிப்புக்கு உட்காருகிறேன்'. அழைப்பிதழ் எழுதுபவர்கள் முதல் முறை மட்டும் 'நெடுவாசிப்பு என்னும் வாசிப்பு மாரத்தான்' என்று போட்டுவிட்டு, அடுத்த வரியிலிருந்து நெடுவாசிப்பு என்றே எழுதலாம். மெதுவாகப் படிப்பவர்களும் சேரலாம் என்று அதே தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.