ரேஸ்: இனமா, குலமா, கணமா?

ரோல் பிளேயிங் கேம், அதாவது ஆளுக்கொரு கதைப் பாத்திரமாக மாறி விளையாடும் ஆட்டம், எதைத் தொடங்கினாலும், மேசையைச் சுற்றி இருந்து விளையாடினாலும் சரி கணினியில் விளையாடினாலும் சரி, முதல் கேள்வியே என்ன ரேஸ் என்பதுதான். மனிதரா, காட்டில் வாழும் அழகான எல்ஃபா, குட்டையான ட்வார்ஃபா, முரட்டு ஓர்க்கா? "நீ என்ன ரேஸ் எடுத்தனி?" என்று பெடியள் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதையே தமிழில் எழுத வேண்டி வந்தால்தான் கை நிற்கிறது. வீட்டில் வயசான ஒருவர் காதில் விழுந்தால் மாட்டுவண்டிச் சவாரியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைப்பார், அவர் நினைப்பதிலும் பிழை இல்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஓட்டப்போட்டியைக் குறிப்பது பழைய நோர்ஸ் மொழியில் ஓட்டத்தைக் குறித்த 'ராஸ்'. வம்சத்தைக் குறிப்பது இத்தாலிய 'ராட்ஸா', பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

விளையாட்டில் அதற்கு என்ன பொருள்? 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கேமிலேயே மனிதர், எல்ஃப், ட்வார்ஃப், சின்ன உருவமுள்ள ஹொபிட் என்று நாலு வகை இருந்தது. பிறப்பால் வருவது ரேஸ், கற்றுக்கொண்டு செய்வது கிளாஸ். அதன் 2014 பதிப்பை எடுத்தால், ட்வார்ஃப் என்று குறித்த உடனேயே உங்களுக்கு உடலுறுதி கூடும், நஞ்சு எளிதில் ஏறாது, இருட்டில் 60 அடி தூரம் கண் தெரியும், ஏறக்குறைய 350 வயது வரை வாழலாம். எல்ஃப் நித்திரை கொள்ளாது, 4 மணித்தியாலம் தியானத்தில் இருந்தால் போதும், ஆயுள் 750 வரை. எந்தெந்த மொழி தெரியும் என்பதும் இதோடு சேர்ந்தே வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கேட்டால் எல்லாரும் உடனே சொல்வது 'இனம்'. அகராதியில் பிழை இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை ஒரு விளையாட்டின் முதல் பக்கத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம், தாயின் இனம் என்று இருக்கிறதே, அதே சொல். இனப்பிரச்சினை, இனக்கலவரம் என்று பேப்பரில் வாசித்து வளர்ந்தவர்களுக்கு 'உங்கள் இனத்தைத் தெரிவு செய்க' என்று திரையில் வந்தால் எந்த அலுவலகப் படிவம் இது என்றுதான் தோன்றும். இத்தனைக்கும் குறளில் இனம் என்பது கூடிப் பழகுகிறவர்கள்தான், 'இனநலம் எல்லாப் புகழும் தரும்' என்கிற இடத்தில் பிறப்பைப் பற்றிய பேச்சே இல்லை. சொல் நல்ல சொல்தான், நாங்கள்தான் அதன்மேல் பாரத்தை ஏற்றிவிட்டோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ரேஸ் என்ற சொல்லுக்கும் இதே மாதிரியான பாரம் உண்டு, அதனால் கேம்காரர்களே அதைக் கைவிட்டுக்கொண்டு வருகிறார்கள். 2019இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு கேமின் இரண்டாம் பதிப்பு அதை 'ஆன்செஸ்ட்ரி' (மூதாதையர் வழி) ஆக்கியது, 2024இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 'ஸ்பீஷீஸ்' என்று மாற்றியது. இலங்கைப் பாடசாலையில் உயிரியல் படித்தவர்களுக்கு ஸ்பீஷீஸ் என்றால் என்ன? இனம்! அவர்கள் ஊர் முழுக்கச் சொல்லி மாற்றிய மாற்றம் எங்கள் தமிழில் இனத்திலிருந்து இனத்துக்கு வந்து நிற்கிறது. (பேரினத்துக்கு நாங்கள் 'சாதி' என்கிறோம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.) தமிழ்நாட்டார் ஸ்பீஷீஸைச் 'சிற்றினம்' என்பார்கள், குறளிலோ சிற்றினம் சேராமை என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, கெட்ட கூட்டத்தோடு சேராதே என்று.

'குலம்' என்று எழுதலாம் என்பார்கள் சிலர். வேண்டாம் என்பேன், காரணம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பில் எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் (ஹொபிட்டின் பிந்திய பெயர்) மூன்றும் தனி ரேஸ் இல்லை, அவையே கிளாஸ். மனிதருக்குத்தான் போர்வீரரா மந்திரவாதியா திருடரா என்ற தெரிவு, எல்ஃபாகப் பிறந்தால் எல்ஃப் வேலைதான் செய்யலாம். குலத்தொழில் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது. அந்த ஒரு பதிப்பை மொழிபெயர்க்கிறவர் தாராளமாகக் குலம் என்று போடட்டும், மற்ற இடங்களில் அந்தச் சொல் வேண்டாத சங்கதியை எல்லாம் இழுத்துக்கொண்டு வரும். 'குடி' நல்ல பழந்தமிழ்ச் சொல், ஆனால் 'எல்ஃப் குடி' என்று எழுதிவிட்டு வாசித்துப் பாருங்கள். குடிப்பதில் பேர்போன ட்வார்ஃப்களுக்கு மட்டும் இரண்டு பொருளும் பொருந்தும்.

என்னுடைய தெரிவு 'கணம்'.

புறநானூற்றின் முதல் பாட்டு, பாரதம் பாடிய பெருந்தேவனார் பாடிய கடவுள் வாழ்த்து, சிவனின் நெற்றியில் இருக்கிற பிறையைப் 'பதினெண் கணனும் ஏத்தவும் படுமே' என்கிறது. பதினெட்டுக் கணங்கள் போற்றும் பிறை. யார் அந்தப் பதினெட்டுப் பேர்? அமரர், அசுரர், சித்தர், கருடர், கின்னரர், கிம்புருடர், கந்தருவர், இயக்கர், விஞ்சையர், நிருதர், பூதர், பைசாசர், உரகர் என்று போகும் வரிசை, நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். உரகர் என்றால் நாகர், விஞ்சையர் என்றால் வித்தியாதரர். ஒவ்வொருவருக்கும் தனி உடம்பு, தனி இடம், தனி வல்லமை. இதை எடுத்து ஒரு கேமின் முதல் பக்கத்தில் அப்படியே போடலாம், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

இதெல்லாம் பழைய புத்தகத்துச் சரக்கு, யாருக்கு விளங்கும் என்று கேட்டால், கல்யாணப் பேச்சு நடக்கிற எந்த வீட்டிலும் விளங்கும். சாதகப் பொருத்தத்தில் கணப் பொருத்தம் என்று ஒன்று பார்க்கிறார்களே, அது என்ன? 27 நட்சத்திரத்தையும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்து தேவ கணம், மனுஷ கணம், இராட்சத கணம் என்று வைத்திருக்கிறார்கள். சுவாதி, திருவோணம், ரேவதி தேவ கணம். ரோகிணி, திருவாதிரை மனுஷ கணம். மகம், சித்திரை, கேட்டை இராட்சத கணம். ஆள் பிறந்த உடனேயே எழுதியாகிவிட்டது, பிறகு மாற்ற முடியாது, குணமும் அதோடு வரும் என்று நம்பிக்கை. இதுதான் ரேஸ்! அம்மாவிடம் 'நான் இந்தக் கேமில் இராட்சத கணம்' என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது, நட்சத்திரம் என்ன என்று வேண்டுமானால் கேட்பா.

கணம் என்றால் நொடி இல்லையா என்று ஒரு ஆட்சேபம் வரும். க்ஷணமும் தமிழில் கணம் ஆனது, கூட்டத்தைக் குறிக்கும் கணமும் கணம், இடத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கணபதியை யாரும் நொடிகளின் தலைவர் என்று விளங்கிக்கொள்வதில்லை.

இனி ஆள் ஆளாகப் பார்ப்போம். எல்ஃபில் தொடங்கவேண்டும், ஏனென்றால் ஆட்கள் விரும்பி எடுப்பதில் அதற்கு எப்போதும் முன்வரிசைதான். 2023இல் வந்த போல்டர்ஸ் கேட் 3 என்ற கணினி கேமை உருவாக்கிய லாரியன் நிறுவனம் சொன்ன கணக்கிலும் எல்ஃப், அரை எல்ஃப், மனிதர் மூன்றும்தான் முன்னுக்கு நின்றன. சொல் மிகப் பழையது, ஆரம்பத்தில் இவ்வளவு அழகானதும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஏல்ஃப் என்றால் நோயைக் கொண்டுவரும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று. ஜெர்மனில் அதன் உறவுச் சொல் ஆல்ப், நெஞ்சில் ஏறி இருந்து அமுக்குகிற பேய், கெட்ட கனவுக்கு அவர்கள் சொல்லும் ஆல்ப்ட்ராவும் என்ற சொல்லில் இருப்பது இதுதான். அல்பிரட் என்ற பெயருக்கு எல்ஃபின் ஆலோசனை என்று பொருள். அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணத்து முன்னாள் மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரிலும் ஒரு எல்ஃப் ஒளிந்திருக்கிறது. நெட்டையான, நீண்ட ஆயுளுள்ள, வில் பிடிக்கிற எல்ஃப் 20ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கையால் வந்தது, கேம்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டன.

தமிழில் இதைத் 'தேவதை' என்று எழுதுகிறார்கள், அது சரிவராது, தேவதை என்றால் சிறகும் மந்திரக்கோலும்தான் கண்முன் வரும். கந்தருவர் அழகுக்கும் பாட்டுக்கும் பொருந்துவார்கள், ஆனால் வானத்தில் உலாவுகிறவர்கள், காடு அவர்களுடைய இடமில்லை. நான் சொல்வது இயக்கர். மரத்தில் குடியிருக்கும் இயக்கி, காட்டோடும் நீரோடும் ஒட்டிய அழகு, மனிதருக்கு நல்லதும் செய்யலாம் கெட்டதும் செய்யலாம் என்ற அந்த இரட்டைக் குணம், எல்லாம் இருக்கிறது. இயக்கர்களுக்கு அரசன் குபேரன், குள்ளமும் தொந்தியுமாகப் புதையலைக் காக்கிறவன், அது ட்வார்ஃப் மாதிரி இல்லையா என்றால் ஆம், நோர்ஸ்காரரிடமும் அதே குழப்பம்தான். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய நோர்ஸ் புராணக் கதைகளில் ட்வார்ஃப்கள் குடியிருக்கிற ஊருக்குப் பெயரே கறுப்பு எல்ஃப்களின் உலகம்.

இயக்கரும் நாகரும் இலங்கைக்காரருக்குக் கதைப் பாத்திரம் மட்டும் இல்லை. மகாவம்சத்தில் விஜயன் வந்து இறங்கியபோது எதிர்ப்பட்ட குவேனி இயக்கிதான். 1936இல் கிடைத்த வல்லிபுரம் பொற்சாசனத்தில் நாகதீவு என்ற பெயர் இருக்கிறது. அவர்கள் யார், எந்த மொழி பேசினார்கள் என்ற சண்டைக்குள் நான் இறங்கவில்லை, அது முடிகிற சண்டை இல்லை. மணிமேகலையில் ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் வாழும் மலையில் கரையேறி, களைப்பில் மரத்தடியில் நித்திரை கொள்கிறான். ஆளைத் தின்கிற நாகர் வந்து எழுப்புகிறார்கள். அவனுக்கு அவர்களுடைய மொழி தெரிந்திருக்கிறது, அந்த மொழியிலேயே பதில் சொல்கிறான், அவ்வளவுதான், அடிக்க வந்தவர்கள் தங்கள் தலைவனிடம் கூட்டிப் போகிறார்கள். அங்கே கள்ளும் ஊனும் நீட்டப்படுகிறது, இவன் வேண்டாம் என்கிறான், பெண்ணும் உணவும் இல்லாமல் என்ன வாழ்க்கை என்று தலைவன் கேட்கிறான், வாதம் நடக்கிறது, கடைசியில் பொருளும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வாள்வீச்சு இல்லை. பாத்திரத்தின் விவரத் தாளில் மொழிகள் என்று இருக்கிற வரியைச் சும்மா அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிற ஆட்டக்காரர்கள் இதை ஒருமுறை வாசிக்கவேண்டும்.

ட்வார்ஃபுக்குக் குள்ளர் என்று எழுதாதீர்கள், அது தெருவில் ஆளை நக்கலடிக்கிற சொல். 'குறளர்' என்று எழுதலாம். குறள் என்றால் குறுகியது, குட்டையான ஆளுக்கும் பழைய பெயர் அதுதான். கலித்தொகையில் ஒரு கூனியும் ஒரு குறளனும் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி கிண்டலடித்துக் கடைசியில் சேர்ந்துகொள்கிற பாட்டு ஒன்று உண்டு, வாசித்தால் சிரிப்பு வரும். நான் எடுப்பதும் எப்போதும் குறளர்தான், எல்ஃப் எடுத்தால் எல்லாரும் அழகாக நிற்பதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓர்க்கின் வேர் பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில் இருக்கிறது, 'ஓர்க்நேயஸ்' என்று, அதுவும் எல்ஃப்களோடு ஒரே வரியில், இரண்டு கூட்டமும் காயீனின் வழிவந்தவை என்று. பாதாளத்துக்குரிய ஓர்க்கஸ் என்ற லத்தீன் தெய்வத்தின் பெயர் அதற்குப் பின்னால் இருக்கிறது என்பார்கள். தமிழில் அசுரர் என்று போடுவது அநியாயம். அசுரர் தேவருக்குச் சமமாக நின்று போர் செய்தவர்கள். ஐப்பசியில் சூரன்போர் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: சூரனைத் தோளில் தூக்கினவர்கள் வேர்த்து ஒழுக வீதி முழுக்க அங்கும் இங்கும் ஓடி ஆட்டுவார்கள், யானைத் தலையைக் கழற்றிச் சிங்கத் தலையை மாட்டுவார்கள், சனமெல்லாம் முருகனைவிடச் சூரனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும், கடைசியில் மாமரமாகி, பிளந்து, சேவலும் மயிலுமாகிவிடுவான். இப்படிப்பட்டவனை முதலாம் நிலையிலேயே வெட்டி விழுத்துகிற ஓர்க்கோடு சேர்க்கலாமா? பதினெண் கணப் பட்டியலில் இருக்கிற நிருதர், அரக்கருக்கு இன்னொரு பெயர், போதும். அரக்கர் என்றும் போடலாம்தான், ஆனால் ராக்ஷசாவை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஏற்கெனவே இரவல் வாங்கிவிட்டது: மான்ஸ்டர் மானுவல் என்ற அதன் 1977 அரக்கர் பட்டியல் புத்தகத்தில் புலித்தலை வைத்து, சுங்கானும் கொடுத்து உட்கார்த்தியிருக்கிறார்கள். இராவணன் பார்த்தால் என்ன சொல்வானோ.

மனித நிருத கலப்பான ஹாஃப் ஓர்க்குக்குப் புதுச் சொல் தேடத் தேவையில்லை, கடோற்கசன் யார் என்று கேட்டாலே விளங்கிவிடும், வீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். ஹொபிட் டோல்கீன் 1937இல் தந்த பெயர், உரிமைப் பிரச்சினை வந்ததால் எழுபதுகளின் பிற்பகுதியில் கேமில் ஹாஃப்லிங் ஆகியது. வாலகில்லியர் என்ற கட்டைவிரல் அளவு முனிவர்கள் எங்களிடம் உண்டு, ஆனால் அவர்கள் தவமிருக்கிறவர்கள், இவர்களோ வேளைக்கு வேளை சாப்பிடுகிறவர்கள், சரிவராது. ஹாஃப்லிங் என்றே இருக்கட்டும். டிராகன் உருவமுள்ள மனிதரான டிராகன்போர்னும் அப்படித்தான். தமிழ் பைபிளில் டிராகனுக்கு வலுசர்ப்பம் என்ற அருமையான சொல் இருக்கிறது, ஆனால் வலுசர்ப்பக் கணம் என்று ஒரு ஆட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கும் நாக்கு வளையாது.

கிளாஸ் பற்றியும் ஒரு வார்த்தை: வகுப்பு என்று எழுதினால் பள்ளிக்கூடம், ஆகவே தொழில். ஃபைட்டரை மட்டும் இங்கே போராளி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், வாசிக்கிறவர் வேறு எங்கேயோ போய்விடுவார். வீரர் என்று போடுங்கள், மறவர் என்றாலும் நல்லது.