நூறு சதவீதம் என்றால், எத்தனை பேரில்?

இந்த மே மாதமும் வந்துவிட்டார்கள். அம்மாவின் கையில் டி.சி. எனும் மாற்றுச் சான்றிதழ், பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு முடித்த பையன். பழைய பள்ளியில் சொன்னது இதுதான்: "பத்தாவது இங்க எழுதுனா ஃபெயில் ஆயிடுவான்மா. எங்களுக்கு ரிசல்ட் முக்கியம். வேற ஸ்கூல் பாத்துக்கோங்க." டி.சி.யில் காரணம் என்று எழுதியிருப்பதோ "பெற்றோர் விருப்பம்". அந்த விருப்பக் கடிதத்தை அலுவலகத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "அப்படி எழுதுனாத்தான் சார் டி.சி. தருவோம்னாங்க."

அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக ஆண்டுதோறும் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கிறேன். தனியார் பள்ளியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். உதவிபெறும் பள்ளிகளிலிருந்தும் வருகிறார்கள், சில நேரம் அரசுப் பள்ளிகளிலிருந்தும் வருகிறார்கள். போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

"நூறு சதவீதத் தேர்ச்சி கொடுக்கும் பள்ளி நல்ல பள்ளி." இந்த ஒரு நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்க வேண்டும். படித்தவர்களும் இதை நம்புகிறார்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்களும் நம்புகிறார்கள், எங்கள் சக ஆசிரியர்களே தம் பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது நம்புகிறார்கள். ஆகவே கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 80 பேர். ஆண்டு முடிவில் 10 பேருக்கு டி.சி. கொடுத்தாயிற்று. 6 பேரை ஒன்பதிலேயே நிறுத்திவைத்தாயிற்று. 2 பேரைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லியாயிற்று. மீதி 62 பேர் எழுதினார்கள், 62 பேரும் தேர்ச்சி. வாசலில் பேனர்: 100 சதவீதம்.

பக்கத்துப் பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பில் 80 பேர். ஒருவரையும் அனுப்பவில்லை. முதல் பள்ளி டி.சி. கொடுத்து அனுப்பிய 10 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். 90 பேர் எழுதி 80 பேர் தேர்ச்சி பெற்றார்கள். இவர்களுடைய தேர்ச்சி 89 சதவீதம். நாளிதழில் பேர் வராது. மீளாய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் எழுந்து நிற்க வேண்டும்.

இப்போது வேறு மாதிரி கேளுங்கள். முதல் பள்ளியை நம்பி ஒன்பதில் இருந்த 80 பேரில், அந்தப் பள்ளியிலேயே அடுத்த ஆண்டு பத்தாவது தேறியவர்கள் எத்தனை பேர்? 62. அதாவது 77.5 சதவீதம். எந்தப் பள்ளி அதிகம் பேரைக் கரையேற்றியது? கேள்வியை மாற்றினால் பதில் தலைகீழாகிறது. கடுமையான நோயாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, எங்களிடம் யாரும் இறப்பதில்லை என்று ஒரு மருத்துவமனை சொன்னால் நாம் நம்புவோமா? பள்ளி சொன்னால் மட்டும் சீட்டுக்கு வரிசையில் நிற்கிறோம்.

தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வெழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. எழுத வராதவர் அதில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்குச் சுமார் 50,000 பேர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே உலுக்கியது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. வேலைக்குப் போனவர்கள், எப்போதோ படிப்பை விட்டும் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தவர்கள், பயந்தவர்கள். ஆனால் தேர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்த 50,000 பேர் இருந்ததே தெரியாது. 2025இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். நல்ல எண்தான். அதைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் வெட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அந்தப் பாதுகாப்பு முடிந்த மறு ஆண்டே கத்தி விழுகிறது. அனுப்பப்பட்ட பிள்ளையை நேராகப் பத்தாம் வகுப்பில் சேர்க்க மற்ற பள்ளிகளும் தயங்குகின்றன, அவர்களுக்கும் ரிசல்ட் இருக்கிறதே! கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடான எமிஸில் டி.சி. போட்டதும் பிள்ளையின் பெயர் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். வேறொரு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கும். சில பெயர்கள் அங்கிருந்து வெளியே வருவதே இல்லை. பையன் மெக்கானிக் கடைக்குப் போயிருப்பான், பெண் பிள்ளை என்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எல் பாசோ என்ற கல்வி மாவட்டம். அங்கே பத்தாம் வகுப்பு மாணவர் தேர்வு முடிவை வைத்துத்தான் பள்ளிகளை எடைபோட்டார்கள். சரியாகப் படிக்காதவர்கள் என்று தோன்றியவர்களை ஒன்பதிலேயே நிறுத்தினார்கள், சிலரைப் பத்தாம் வகுப்பில் உட்காரவைக்காமலே பதினொன்றுக்கு ஏற்றினார்கள், சிலரைப் பள்ளியைவிட்டே போகச் செய்தார்கள். தேர்வு நாளில் அவர்கள் பத்தாம் வகுப்பில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். அந்த மாவட்டக் கல்வித் தலைமை அதிகாரிக்கு 2012இல் மூன்றரை ஆண்டு சிறை கிடைத்தது. அந்த நாட்டில் 2002இல் கையெழுத்தான 'ஒரு குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம், குறைந்தது 95 சதவீத மாணவர்கள் தேர்வெழுதியே ஆக வேண்டும், இல்லையென்றால் பள்ளி இலக்கை எட்டவில்லை என்றே கருதப்படும் என்று விதித்திருந்தது. விதி இருந்தும் எல் பாசோ நடந்தது. அந்த விதிகூட இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாநிலம் முழுவதும் பிள்ளைகள் என்ன கற்றிருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியத்தான் வேண்டும். தேசிய அடைவுத் தேர்வு, ஸ்லாஸ் எனப்படும் மாநில அளவிலான அடைவுத் தேர்வு இரண்டுமே பயனுள்ளவை. எந்த மாவட்டத்தில் பின்னம் புரியவில்லை, எந்த வகுப்பில் வாசிப்பு தடுக்குகிறது என்று அவை காட்டும். மாணவனின் மதிப்பெண் பட்டியலில் அது ஏறாது, ஆகவே பிள்ளை தனக்குத் தெரிந்ததை எழுதுகிறான். அதையும் பள்ளித் தரவரிசையாக்கி, மாதிரி வினாத்தாளை மாதக்கணக்கில் உருப்போட வைத்தால் வெப்பமானியையே சூடாக்கிய மாதிரிதான். அதைச் செய்யாதீர்கள், தயவுசெய்து.

தலைமை ஆசிரியர்களின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. சி.இ.ஓ. எனும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் மீளாய்வில் சதவீதம் குறைந்த பள்ளிகளை வரிசையாகக் கூப்பிடுவார்கள். "ஏன் சார் குறைஞ்சுது?" என்பார்கள். "டி.சி. வாங்கி வந்த பத்துப் பேரைச் சேர்த்தேன்" என்று சொன்னால் அதை எழுதிக்கொள்ளப் படிவத்தில் கட்டம் இல்லை. கணிதத்தில் 8 மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தவளை 34 வரை இழுத்துவந்த ஆசிரியரின் உழைப்புக்கும் கட்டம் இல்லை. 35 தொடவில்லை என்றால் அவள் தோல்வி, ஆசிரியரும் தோல்வி. இது அநியாயம். ஆனாலும் இதன் சுமையைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் இறக்கிவைக்க நமக்கு உரிமை இல்லை, சார். மெல்லக் கற்போர் என்று பட்டியல் போடுவது அவர்களுக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கத்தான், வெளியே அனுப்ப அல்ல.

மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் பழக்கத்தால்தான் 2018இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அது நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு நிம்மதி. பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் கல்லூரி முதலாண்டில் திணறப்போவது அவர்கள்தான்.

பெற்றோருக்கு. பள்ளி தேடும்போது தேர்ச்சி சதவீதத்தைக் கேட்காதீர்கள். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஒன்பதில் எத்தனை பேர், அடுத்த ஆண்டு பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியில் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கேட்காமல் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதித் தராதீர்கள், என்ன மிரட்டினாலும் சரி. காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறிவிடும். மாறவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ குழந்தைகள் உதவி எண் 1098.

தனித்தேர்வராக எழுதலாம் என்று யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பள்ளியில் இருந்தால் ஆசிரியர் இருக்கிறார், சிறப்பு வகுப்பு இருக்கிறது. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஃபெயில் ஆகிவிட்டால் வாழ்க்கையே போயிற்று என்று பிள்ளையிடம் சொல்லவே கூடாது. முடிவு வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. அதில் தேறி அதே ஆண்டு பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

துறை அதிகாரிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். புதிய படிவம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஜூன் மாதம் இருந்த பெயர்களை எடுங்கள், ஈராண்டு கழித்து அந்தப் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தேறினார்களா, வேறு பள்ளிக்குப் போனார்களா, காமன் பூலில் கிடக்கிறார்களா? தேர்வு முடிவு வெளியிடும் நாளில் பள்ளியின் தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் போடுங்கள்.

அடுத்த மே வருவதற்குள் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் இதைப் படித்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் ஜூன் மாதத்திலேயே பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கூட்டிவாருங்கள். தேர்வெழுதுவோர் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் மூடிய பிறகு வந்தால் எந்தத் தலைமை ஆசிரியராலும் அந்த ஆண்டு ஒன்றும் செய்ய முடியாது.