புளி போட்டுத் தேய்த்த காசு

சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. சித்தப்பாவின் தோட்டத்தில் கிடைத்தது என்று ஒரு செப்புக் காசை மேசையில் வைத்தார். சதுரக் காசு. துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது.

"என்ன தம்பி செஞ்சீங்க?"

"புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன் சார். அப்பயும் போகலை, கம்பி நார் வச்சுத் தேய்ச்சேன்."

ஒரு பக்கம் யானையின் முதுகு வளைவு மட்டும் தெரிந்தது. மறுபக்கம் முழுக்கக் கீறல். சதுரமும் யானையும் இருப்பதால் சங்ககாலப் பாண்டியர் காசாக இருக்கலாம் என்றேன். அதற்கு மேல் படிக்க அந்தக் காசில் எதுவும் மிச்சமில்லை.

பழங்காசுகளைச் சுத்தம் செய்து அடையாளம் காண்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. மண்ணுக்குள் பல நூறு வருடம் கிடந்து தப்பிய காசு, கிடைத்த அன்று சாயங்காலமே வீட்டில் அழிந்துபோவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. செம்பின் மேல் இருக்கும் பச்சைக் களிம்பு வெறும் அழுக்கு இல்லை. செம்பே ஈரத்தோடும் மண்ணோடும் சேர்ந்து மாறிய படலம் அது. எழுத்தும் உருவமும் பல காசுகளில் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. புளியும் எலுமிச்சையும் அதைக் கரைக்கும்போது எழுத்தும் கூடவே போய்விடும். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் பொறித்த சதுரச் செப்புக் காசைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சங்கப் பாட்டில் வருகிற பாண்டியர் பெயர் ஒரு சின்னக் காசின் மேல் எழுத்தாகவே கிடைத்தது. அதை யாராவது புளித்தண்ணீரில் ஊறப்போட்டிருந்தால்?

சரி, காசு கிடைத்தால் என்ன செய்வது? நிழலில் உலரவிடுங்கள். உதிர்கிற மண்ணை மட்டும் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். காகித உறையில் போட்டு, எந்த ஊர், எந்த வயல், எத்தனை விரல் ஆழம், என்ன தேதி என்று உறையின் மேலேயே எழுதுங்கள். கூடவே ஓட்டுச்சில்லு, கருகிய மண் ஏதாவது தெரிந்தால் அதையும் குறியுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், சில வகை பிளாஸ்டிக் செம்பை அரிக்கும். துடைத்தாலும் மறுபடி வெளிர்பச்சைப் பொடி பூக்கிற காசை மற்ற காசுகளோடு வைக்காமல் ஈரம் படாத இடத்தில் தனியாக வையுங்கள். அதற்கு வைத்தியம் வேறு. தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம் எடை. நகைக்கடைத் தராசில் மில்லிகிராம் வரை போட்டுப் பாருங்கள். விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். எழுத்து தேய்ந்த காசுகூட எடையில் பேசும். 1835க்குப் பிந்தைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம். பழைய செப்புக் காலணா சுமார் 6.47 கிராம், 1906 முதல் வந்த வெண்கலக் காலணா 4.86 கிராம். விளக்கைக் காசுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் நேரில் தெரியாத கோடுகூடத் தெரியும்.

மதுரைப் பக்கம் மீன் தெரிந்தாலே சங்ககாலம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இடைக்காலப் பாண்டியர் காசிலும் மீன் உண்டு. அவை பெரும்பாலும் வட்டமானவை. ஒரு பக்கம் நிற்கும் ஆளும் மறுபக்கம் உட்கார்ந்த ஆளும், அருகே நாகரி எழுத்தும் இருந்தால் ராஜராஜன் பெயர் பொறித்த வகையா என்று பாருங்கள். அரபு எழுத்து இருந்தால் 14ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்களின் காசா என்று பார்க்க வேண்டும். ராமர் பட்டாபிஷேகமும் 1818 என்ற ஆண்டும் 'அரை அணா' என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனிக் காசே இல்லை, பிற்காலத்து டோக்கன். லட்சக்கணக்கில் விலை சொல்லி வருபவரிடம் ஏமாறாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. இந்தியப் புதையல் சட்டம் 1878இல் வந்தது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன பொருள், எவ்வளவு, எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. தெரிவித்தால் பறிகொடுத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். அரசு எடுத்துக்கொண்டால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவிக்கப்பட்டு, அரசும் எடுக்காவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழக்குயில்குடி சமணர் மலை மாதிரி பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குக் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. கீழடி, கொந்தகை, அகரம் பக்கத்து நிலங்களிலும் வேண்டாம். அங்கே ஒரு காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். நாம் ஒரு குழி தோண்டினால் அந்த அடுக்கு கலைந்துவிடும், திரும்ப அடுக்க முடியாது. உங்கள் சொந்த நிலத்திலேயே பானையோ ஒன்றுக்கு மேற்பட்ட காசுகளோ தெரிந்தாலும், அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தகவல் கொடுங்கள்.

அந்தத் தம்பி இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை காகித உறையில், மண்ணோடு வட்டக் காசு. உறையின் மேல் 'கிணற்றுக்கு மேற்கே, ஒரு சாண் ஆழம்' என்று எழுதியிருந்தார். எடை 4.5 கிராம். பக்கவாட்டு வெளிச்சத்தில் சிங்கங்கள் தாங்கிய கேடயம் தெரிந்தது, அதன் கீழே 1808. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே சோஹோ நாணய ஆலையில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக அடித்த, 'பத்துக் காசு' மதிப்புள்ள நாணயம். இதன் கூட்டாளிகள் ஏராளமானவை 1809இல் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலோடு இங்கிலாந்துக் கரையோரக் கடலிலேயே மூழ்கின என்று சொன்னேன். தம்பி காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அப்ப இது மட்டும் எங்க கிணத்தடிக்கு வந்து சேர்ந்துருச்சா சார்?" என்று கேட்டார்.